அஞ்சத் தகுவது யாது?

அண்டத்துப் பூதங்களைத் திரைக்கும் விளையாட்டுக்கும் கொணர்தல் பற்றிய ஓர் ஆராய்ச்சி

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டென வகுத்தார் என்பதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அவற்றுள் அச்சம் ஒன்று. அச்சம் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்பது அவர் கணக்கு: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. மருட்கை என்னும் வியப்பிற்கும் நான்கு நிலைக்களன்கள் கூறுகிறார்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். அச்சத்தையும் வியப்பையும் இவ்வாறு தனித்தனியே வரிசைப்படுத்திய அப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, இக்காலக் கலை ஒன்றை ஆராய்ந்து பார்க்க விரும்புகிறேன். விண்ணுக்கு அப்பாலிருந்தும் கடலுக்கு அடியிலிருந்தும் பெயரறியா உயிர்களை வரவழைத்து நம்மை நடுங்க வைக்கும் கலையே அது.

சங்கத்து ஏட்டில் பூதத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். விடுதி அறைகளில் இரவெல்லாம் எரியும் கணினித் திரைகளைப் பாருங்கள். நம் தோழர்களிற் பாதிப்பேர் அங்கே இப்பூதங்களோடுதான் பொருதுகொண்டிருக்கிறார்கள். மேலும், நம்மிற் சிலர் நாளை படம் எடுக்கவும் விளையாட்டுச் செய்யவும் கனவு காண்கிறவர்கள். அவர்கள் முன்னே நிற்கும் வினா ஒன்றுதான். பிறர் கண்ட பூதத்தை நாம் எப்படிக் கொணர்வது? உருவத்தைக் கொணர்வதா, அச்சத்தைக் கொணர்வதா? இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1. அண்டத்து அச்சம் என்பது யாது?

இவ்வகை இலக்கியத்தின் தலைமகன் ஹெச். பி. லவ்கிராப்ட் என்னும் அமெரிக்கர். 1890இல் பிறந்து 1937இல் மறைந்தவர். அவருடைய புகழ்பெற்ற பூதமாகிய கதுலு, 1928இல் ‘வியர்ட் டேல்ஸ்’ என்னும் இதழில் தோன்றியது. பேய்க்கணவாயின் தலை, கொழுத்த உடல், சிறகு; கடலடியில் மூழ்கிய நகரொன்றில் அது துயில்கிறது. படம் வரைந்தால் குழந்தையும் சிரிக்கும். ஆனால் கதையைப் படித்தவன் சிரிப்பதில்லை. ஏன்?

அக்காலத்து விஞ்ஞானத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆண்ட்ரோமீடா என்னும் ஒளிப்புகை நம் பால்வீதிக்குள் அடங்கியதன்று, அது தனியொரு விண்மீன் பேரூர் என்பதை எட்வின் ஹபிள் 1925இல் உலகுக்கு அறிவித்தார். அதன் தொலைவு சுமார் 25 இலட்சம் ஒளியாண்டு என்று இன்று அறிகிறோம். நேற்றுவரை உலகமே தன் வீடென்று இருந்த மனிதன், ஒரே நாளில் பெருங்காட்டின் ஓரத்தில் தூசாக நின்றான். லவ்கிராப்டின் அச்சம் இங்கே பிறந்தது. அவருடைய பூதங்கள் மனிதனைப் பகைப்பதில்லை. பகைக்க வேண்டுமானால் மனிதனைப் பொருட்படுத்த வேண்டுமே! எறும்புப் புற்றை மிதித்து நடப்பவனுக்கு எறும்பின்மேல் கோபமா? அந்த அலட்சியமே அச்சம்.

தொல்காப்பியர் வரிசையில் இதனை எங்கே வைப்பது? அணங்கினால் வரும் அச்சமும், பெருமையினால் வரும் மருட்கையும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட இடத்தில் வைக்கலாம் என்பது என் துணிபு. இரண்டில் ஒன்று குறைந்தாலும் கலை கெடும். பெருமை குறைந்தால் வெறும் பேய்க்கதை எஞ்சும். அணங்கு குறைந்தால் வானநூற் பாடம் எஞ்சும். இரண்டும் குறைந்து உருவம் மட்டும் எஞ்சினாலோ அச்சம் நகையாகிவிடும். இரப்பர்க் கைகளோடு ஆடும் பூதத்தைக் கண்டு அரங்கம் சிரிப்பது இதனாலேயே.

2. எழுத்திலிருந்து திரைக்கு

எழுத்தாளனுக்கு ஒரு வசதி உண்டு. “சொல்லில் அடங்காது” என்று எழுதிவிட்டுத் தப்பிவிடலாம். படம் எடுப்பவனுக்கு அவ்வசதி இல்லை. எதையேனும் காட்டியாக வேண்டும். காட்டும்போது எழும் இடர்களுள் மூன்றைக் காண்போம்.

முதலாவது, உருவம். ஒரே கதையை இருவர் எடுத்ததை ஒப்பிட்டால் உண்மை விளங்கும். ஜான் கேம்ப்பெல் 1938இல் எழுதிய கதையில், பனிக்கண்டத்தில் அகப்பட்ட ஓர் உயிர் எவ்வுயிரின் வடிவையும் எடுக்கவல்லது. 1951இல் வந்த படம் அதனை நெடிதுயர்ந்த மனித வடிவாக்கி ஒரு நடிகருக்கு வேடம் கட்டிவிட்டது. பொழுதுபோக்கு இருந்தது; கதையின் உயிர் போயிற்று. 1982இல் ஜான் கார்ப்பென்டர் ‘தி திங்’ என்று அதனை மீண்டும் எடுத்தார். ராப் பாட்டின் என்னும் இளைஞர் அமைத்த உருவங்கள், ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டே இருந்தன. தனக்கென ஓர் உருவமின்மையே அதன் உருவம். பக்கத்தில் அமர்ந்து உண்பவன் மனிதன்தானா என்ற ஐயம், அந்தப் பூதத்தினும் கொடிதாயிற்று.

நம் தமிழிலும் ஒன்று நினைவு கூரலாம். 1963இல் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த ‘கலை அரசி’யில் வேற்றுக் கோளினர் வருகிறார்கள். நம்மைப் போன்ற முகமும் கையும் காலும் உடையவர்களே. எதற்கு வருகிறார்கள்? இசை கற்கப் பாடகி ஒருத்தியைக் கொண்டுபோக! அண்டத்தைக் கண்டு அஞ்சாமல், அண்டமே நம்மிடம் பாட்டுக் கற்க வரும் என்று எண்ணிய அந்நாளின் நம்பிக்கை எனக்கு இன்றும் இனிக்கிறது. ஆயினும் அது மருட்கைக் கதை, அச்சக் கதையன்று.

இரண்டாவது, நிறம். லவ்கிராப்ட் 1927இல் எழுதிய ‘விண்ணிலிருந்து வந்த நிறம்’ என்னும் கதையில் பூதத்துக்கு உடலே இல்லை. மனிதன் கண்டறியாத ஒரு நிறமே பூதம். இதை எப்படிப் படம் பிடிப்பது? நம் கண் உணரும் ஒளி ஏறத்தாழ 380 முதல் 750 நானோமீட்டர் அலைநீளம் உள்ளது. அதற்கு அப்பாற்பட்ட ஒளியைத் திரை காட்டினாலும் கண் காணாது. 2019இல் ரிச்சர்ட் ஸ்டான்லி எடுத்த படத்தில் அந்நிறம் ஊதாவும் சிவப்பும் கலந்த மெஜந்தாவாகப் பரவுகிறது. விஞ்ஞான மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வானவில்லில் மெஜந்தா கிடையாது. அதற்கெனத் தனி அலைநீளம் இல்லை. சிவப்பொளியும் நீலவொளியும் சேர்ந்து கண்ணைத் தாக்க, பச்சையைக் காணாத மூளை தானாகச் சமைத்துக்கொள்ளும் நிறம் அது. உலகில் அலையாக இல்லாத நிறத்தை உலகில் இல்லாத பூதத்துக்கு அளிப்பது எத்துணைப் பொருத்தம்!

மூன்றாவது, பருமை. ஒரு விலங்கை 10 மடங்கு உயர்த்தினால் அதன் எடை 1,000 மடங்காகும். எலும்பின் குறுக்குப் பரப்போ 100 மடங்குதான் ஆகும். ஆகவே எலும்பின் ஒவ்வொரு கூறும் 10 மடங்கு சுமை தாங்க வேண்டும். கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலிலேயே இதனை விளக்கிவிட்டார். மலையளவு பூதம் நடக்கவே முடியாது என்பது பௌதிகத்தின் தீர்ப்பு. எனினும் கண்ணை நம்ப வைக்க ஒரு வழி உண்டு. விழும் பொருளுக்கு ஆகும் நேரம், உயரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும். எனவே உண்மை அளவில் 25இல் ஒரு பங்காகப் பொம்மை செய்து படம் எடுப்பவர், நொடிக்கு 24 படங்களுக்கு மாறாக 120 படங்கள் எடுத்து, வழக்கமான வேகத்தில் ஓட்டினால், சாயும் கோபுரமும் சிதறும் நீரும் பேருருவின் கதியில் மெல்ல இயங்கும். கண் வடிவத்தைக் கொண்டு மட்டும் பருமையை அளப்பதில்லை. காலத்தைக் கொண்டும் அளக்கிறது. விரைந்து துள்ளும் பூதம் சிறிதாகத் தோன்றுவது இதனாலேயே.

3. விளையாட்டில் வரும் வில்லங்கம்

படத்தில் நாம் பார்ப்பவர்கள், விளையாட்டில் செய்பவர்கள். செய்பவன் கையில் வாளைக் கொடுத்தால் வெட்டத்தான் செய்வான். பூதத்துக்கு இத்தனை உயிர்ப்புள்ளி என்று எண் கொடுத்துவிட்டால், அது எவ்வளவு பெரிய எண்ணாயினும், ஒருநாள் சுழியாகும். எண்ணுக்குள் அடங்கியது அண்டத்து அச்சமன்று. பெரிய எருமை, அவ்வளவே.

இச்சிக்கலை முதன்முதல் அழகாக அவிழ்த்தது, 1981இல் சாண்டி பீட்டர்சன் அமைத்த ‘கால் ஆப் கதுலு’ என்னும் விளையாட்டு. கணினி இல்லை, மேசையைச் சுற்றி அமர்ந்து, கதை சொல்லி, பகடை உருட்டி ஆடுவது. அதில் உடல்வலிமையோடு மனநிலைக்கும் எண் உண்டு. பூதங்களைப் பற்றிய அறிவு எவ்வளவு கூடுகிறதோ, மனநிலையின் உச்ச அளவு அவ்வளவு குறையும்: 99இலிருந்து அவ்வறிவைக் கழித்தால் வருவதே உச்சம். அதாவது, பூதத்தை வெல்ல அறிவு வேண்டும். அறிவு பெற்றாலோ சித்தம் கலங்கும். கூட்டல் கழித்தல் தெரிந்த சிறுவனுக்கும் புரியும் இந்த ஒரே விதியில் லவ்கிராப்டின் தத்துவம் முழுதும் அடங்கிவிட்டது. கணவாய்க் கைகளை வரைந்து காட்ட வேண்டிய தேவையே எழவில்லை.

2015இல் ஜப்பானிலிருந்து வந்த ‘பிளட்போர்ன்’ இதே கருத்தைக் கண்ணுக்குக் காட்டிற்று. அதில் ‘உள்ளறிவு’ என்றோர் அளவு உண்டு. அது 40ஐ எட்டும்போது, அதுவரை வெறும் சுவரென எண்ணிக் கடந்து சென்ற கோயிற் கட்டடத்தில் பேருருவொன்று தொற்றிக்கொண்டிருப்பது தெரிகிறது. புதிதாக வந்ததன்று, முதலிலிருந்தே அங்கே இருந்தது. நாம்தான் கண்டிலோம்!

கணித மாணவர்கள் ‘ஹைப்பர்ரோக்’ என்னும் சிறிய விளையாட்டை அறிந்திருத்தல் வேண்டும். 2011 முதல் வெளிவரும் அதன் களம் யூக்ளிடின் தளமன்று. முக்கோணத்தின் கோணங்கள் கூடி 180 பாகைக்குக் குறையும் அதிபரவளையத் தளம். அங்கே வட்டத்தின் சுற்றளவு ஆரத்தோடு மடங்கு மடங்காகப் பெருகுவதால், வழியினின்று சற்றே விலகியவன் வந்த இடத்துக்கு மீள்வது அரிது. லவ்கிராப்ட் தம் கடலடி நகரின் கோணங்கள் பிழைபட்டவை என்று சொல்லி நிறுத்தினார். இவ்விளையாட்டோ, அந்நகரின் பெயராலேயே ஒரு நிலத்தை வைத்து, அந்தக் கோணங்களில் நம்மை நடக்க வைக்கிறது.

இவற்றிலிருந்து பெறும் பாடம் யாது? நல்ல தழுவல் உருவத்தைத் தழுவுவதில்லை, விதியைத் தழுவுகிறது. பூதம் எப்படி இருக்கும் என்பதைவிட, அதன் முன்னே எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பதே அச்சத்தின் இலக்கணம்.

4. புனேக்கு அருகே ஒரு பூதம்

இனி நம் வாசலுக்கு வருவோம். நாம் வாழும் இந்நகரோடு தொடர்புடைய நாராயண் தாரப் என்பவர் மராத்தியின் பெயர்பெற்ற அச்சக் கதாசிரியர். 1925இல் பிறந்து 2008இல் மறைந்தார். மேலைநாட்டுக் கதைகளை மராத்தி வீட்டுக் கூடத்துக்கும் கொல்லைக்கும் கொணர்ந்தவர். என் ஆய்வகத்து மராத்தி நண்பர் ஒருவர், சிறுவயதில் தாரப்பின் நூலைப் போர்வைக்குள் ஒளித்துப் படித்ததை இன்றும் சிரிப்போடு சொல்வார். 2024 செப்டம்பரில் ‘தும்பாட்’ படம் மீண்டும் திரைக்கு வந்தபோது என்னை அழைத்துச் சென்றவரும் அவரே.

அப்படத்தின் வரலாறு முயற்சியின் வரலாறு. இயக்குநர் ராஹி அனில் பர்வே, 1993இல் காட்டுப் புகலிடமொன்றில் நண்பர் சொல்லக் கேட்ட தாரப்பின் கதையால் நடுங்கியவர். பதினெட்டு வயதில், 1997இல், முதல் வரைவு எழுதினார். பின்னர் 700 பக்கம் காட்சிகளை வரைந்து வைத்தார். படப்பிடிப்பு 2012இல் தொடங்கிற்று. படம் 2018 அக்டோபர் 12ஆம் நாள் வெளிவந்தது. ஆனந்த் காந்தியும் ஆதேஷ் பிரசாத்தும் துணை நின்றனர். சோஹம் ஷா நடித்துத் தயாரித்தார். பங்கஜ் குமார் ஒளிப்பதிவு செய்தார். பின்னணி இசை அமைத்த டென்மார்க்கு நாட்டு ஜெஸ்பர் கிட், ‘ஹிட்மேன்’, ‘அசாசின்ஸ் கிரீட்’ முதலிய விளையாட்டுகளுக்கு இசை அமைத்துப் பெயர் பெற்றவர். மீள்வெளியீட்டில் முதல் வெளியீட்டினும் மிகுதியாக வசூல் கண்டது என்பது, நல்ல அச்சம் பழையதாவதில்லை என்பதற்குச் சான்று.

படம் பாராதார் பொறுத்தருள்க. கதையைச் சிறிது சொல்லியே ஆக வேண்டும். செழிப்பின் தேவதை கோடிக்கணக்கான தெய்வங்களைப் பெற்றாள். பூமியே அவள் கருப்பை. தலைமகன் ஹஸ்தர் பேராசை உடையவன். பொன்னைக் கைப்பற்றினான், தானியத்தையும் கைப்பற்ற முனைந்தபோது மற்றத் தெய்வங்கள் அவனைத் தாக்கின. தாய் காத்தாள், ஆனால் அவனை எவரும் வழிபடலாகாது, உலகம் அவனை மறக்க வேண்டும் என்பது நிபந்தனை. தும்பாட் ஊரில் ஒரு குடும்பம் அவனுக்குக் கோயில் எழுப்பியது. அன்று முதல் அவ்வூரில் மழை விடவேயில்லை. 1918இல் சிறுவனாக அங்கிருந்து வெளியேறும் விநாயக் நம் புனேக்கு வந்து வாழ்கிறான். வளர்ந்தபின் திரும்பிச் சென்று, பூமியின் கருப்பைக்குள் கயிற்றில் இறங்குகிறான். பசித்த ஹஸ்தருக்கு மாவுப் பொம்மையை எறிந்துவிட்டு, அது உண்ணும் நேரத்துக்குள் அதன் கோவணத்திலிருந்து பொற்காசுகளை உதிர்த்துக்கொண்டு ஏறி வருகிறான்.

ஹஸ்தர் என்ற பெயரின் ஒலி, மேலைநாட்டு அச்சக் கதைகளில் வரும் ஹாஸ்டர் என்ற பெயரை நினைவூட்டும். அம்புரோஸ் பியர்ஸ் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அப்பெயரை இடையர் தொழும் ஒரு சாதுவான தெய்வத்துக்கு இட்டிருந்தார். பின் வந்தோர் கைமாறிக் கைமாறி அது பூதத்தின் பெயராயிற்று. பெயரின் ஒலி எங்கிருந்து வந்தால் என்ன? உயிர் எங்கிருந்து வந்தது என்பதே வினா. அவ்வுயிர் கொங்கணத்து மண்ணிலிருந்து வந்தது.

எண்ணிப் பாருங்கள். சகியாத்திரி மலைக்குக் கிழக்கே, மழைமறைவில் இருக்கும் நம் புனேயில் ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழை. மலைமேலுள்ள மகாபலேசுவரத்தில் 5,000 மில்லிமீட்டருக்கு மேல். மலையைக் கடந்தால் மழையே வேறோர் உலகம் என்பதை இங்கு வாழ்வோர் அறிவர். அந்த மழையைச் சாபமாக்கினார் இயக்குநர். படத்தின் பல பகுதிகள் நமக்குச் சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சாஸ்வட்டிலும், மகாபலேசுவரப் பக்கத்திலும் எடுக்கப்பட்டவை. மராத்தியர் ‘வாடா’ என்றழைக்கும் பழைய மாளிகை வீடும், அதன் பாசி படிந்த சுவரும், இரவல் வெளிச்சத்தில் செய்யப்பட்டவை அல்ல, மண்ணோடு கிடந்தவை.

இனி அதன் விதியைப் பாருங்கள். மாவு வட்டத்துக்குள் இருந்தால் காப்பு. ஒரு பொம்மை எறிந்தால் சிறிது நேரம். அதற்குள் எடுத்ததே இலாபம். இது விளையாட்டின் விதியன்றோ! கடைசியில் தந்தையும் மகனும் பேராசையால் பல பொம்மைகளோடு இறங்குகிறார்கள். ஒவ்வொரு பொம்மைக்கும் ஒவ்வொரு ஹஸ்தர் தோன்றுகிறான். ஆசையை எத்தனை மடங்கு பெருக்கினார்களோ, அச்சம் அத்தனை மடங்கு பெருகிற்று. எந்தப் பாதிரியாரும் புலவரும் இதனினும் சுருக்கமாக அறம் உரைத்ததில்லை.

லவ்கிராப்டின் பூதம் நம்மைப் பொருட்படுத்தாதது. ஹஸ்தரோ பசித்தவன், தாய்க்குப் பிள்ளை. ஆகவே தும்பாட் லவ்கிராப்டைப் பின்பற்றிற்று என்று சொல்வது பொருந்தாது. பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டது; பூமி முழுதும் ஓர் உடல், நாம் அதன் வயிற்றில் ஊரும் புழு என்னும் பெருமை. அலட்சியத்தை விட்டுவிட்டு, அதனிடத்தில் இம்மண் நன்கறிந்த பசியையும் பொன்னாசையையும் வைத்தது. அதில் வரும் முதிய பாட்டி, ஹஸ்தர் தீண்டியதால் சாகவும் இயலாமல் சங்கிலியில் கிடப்பவள், மூப்பாலும் பிணியாலும் பிறக்கும் இளிவரலுக்கே இலக்கியம். அவ்வேடம் பூண்டவர், விநாயக்கின் மகனாக நடித்த இளைஞர் முகம்மது சமத் என்பது அறிந்தபோது நான் வியந்தேன்.

5. யாருடைய அச்சம்?

இதுவரை சொன்னது கலையின் முறை. இனிச் சொல்வது கலையின் அறம். எனக்கு முறையினும் அறமே பெரிது.

லவ்கிராப்டின் அச்சத்துக்கு வேர் இரண்டு. ஒன்று அண்டத்தின் பெருமை; அதை மேலே கண்டோம். மற்றொன்றைச் சொல்ல நாக்கூசுகிறது. அது அயலார்மேல் கொண்ட வெறுப்பு. 1924 முதல் 1926 வரை நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் அவர் வாழ்ந்தார். பிழைப்புத் தேடிப் பல நாடுகளிலிருந்து வந்து குடியேறிய ஏழைகளைக் கண்டு அருவருத்தார். 1927இல் வெளிவந்த ‘ரெட் ஹூக்கில் பயங்கரம்’ என்னும் கதையில், அக்குடியேறிகளின் தெருவே பூதங்களின் வாயிலாக வரையப்பட்டது. அவர்கள் மொழி முணுமுணுப்பு. அவர்கள் வழிபாடு சூனியம். அவர்கள் கூட்டம் நோய்.

தோழர்களே, ஊர்விட்டு ஊர் வந்து அறை தேடும் நாம் யார்? அவர் அஞ்சிய அந்தத் தெருவில் வாழ்பவர்கள் நாம்தாம்! 1960களின் பிற்பகுதியில் பம்பாயில் தென்னாட்டார்க்கு எதிராக எழுந்த கிளர்ச்சியை நம் மூத்தோர் மறந்திலர். அன்று மும்பைத் தெருக்களில் பூதமாகக் காட்டப்பட்டவன் பெட்டியும் படுக்கையுமாக வந்திறங்கிய தமிழன். அதே மராட்டிய மண்ணில், தம் சிறுவயதுக் கதையை என்னோடு பங்கிட்டுக்கொள்ளும் நண்பரும் வாழ்கிறார். அச்சத்தை யார்மேல் ஏற்றுகிறோம் என்பது இயற்கையன்று. நாம் செய்யும் தேர்வு.

மேலைநாட்டாரும் இதனை உணர்ந்துவிட்டனர். 1975 முதல் உலகக் கற்பனை இலக்கியப் பரிசாக லவ்கிராப்டின் தலைச்சிலையையே வழங்கி வந்தவர்கள், 2015க்குப் பின் அச்சிலையை நீக்கிவிட்டார்கள். விக்டர் லவால் என்னும் கறுப்பின எழுத்தாளர் 2016இல், அதே ரெட் ஹூக் கதையை ஹார்லெம் பகுதியின் கறுப்பின இளைஞன் ஒருவனை நாயகனாக்கித் திருப்பி எழுதினார். பூதங்களின் அலட்சியத்தினும் மனிதரின் வெறுப்பே கொடிது என்று காட்டினார். அவர் லவ்கிராப்டை எரித்துவிடவில்லை; பெருமையை எடுத்துக்கொண்டார், வெறுப்பைத் திருப்பி அனுப்பினார். தழுவல் என்பது இதுவே.

இவ்வினா எனக்கும் ஒருநாள் நேரில் வந்தது. விளையாட்டு ஒன்று செய்ய முனைந்த மாணவர் குழு, “உங்கள் பக்கத்துப் பயங்கரமான சாமி ஒன்றைச் சொல். எட்டுக் கை வைத்து, வாயில் இரத்தம் வைத்துக் கடைசிக் கட்டத்தில் நிறுத்துகிறோம், ஆடுபவன் கொல்லட்டும்” என்று கேட்டது. நான் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவன். அவர்கள் கேட்ட இலக்கணத்துக்குச் சுடலைமாடன் பொருந்துவார்தாம். சுடுகாட்டில் நிற்பவர், நள்ளிரவில் வேட்டைக்குப் புறப்படுபவர். ஆனால் அவர் எங்கள் ஆச்சிக்கு யார்? ஊர்க் காவல்காரர். கொடைக்கு வில்லுப்பாட்டு நடக்கும் இரவில், “மாடன் இருக்கையிலே உனக்கென்னலே பயம்?” என்று சொல்லி என்னை மடியில் கிடத்தியவள் அவள். பெருங்கோயிலுக்குள் நுழைய விடப்படாத மக்களுக்கு, வெட்டவெளியில் நின்று துணை செய்த தெய்வம் அது. அதனை வெட்டி வீழ்த்தும் பூதமாக்குவது, ரெட் ஹூக் கதையை நாமே நம் ஆச்சிகளுக்கு எதிராக எழுதுவதாகாதா? “அந்தச் சாமி வேண்டாம், வேறு தேடுவோம்” என்றேன். என்ன வேறு என்று அவர்கள் கேட்டார்கள். அவ்வினாவுக்கு நான் கண்ட விடையையே இனி எழுதுகிறேன்.

6. நம் அச்சம்

அண்டம் மனிதனைப் பொருட்படுத்துவதில்லை என்பதை லவ்கிராப்ட் வானத்தைப் பார்த்து அறிந்தார். தமிழர் அதனை நெடுங்காலத்துக்கு முன்னரே கடலைப் பார்த்து அறிந்தனர். பஃறுளியாறும் குமரிக்கோடும் கடலால் கொள்ளப்பட்டதைச் சிலப்பதிகாரம் பேசுகிறது. அதன் வரலாற்று உண்மையை ஆராய்வது இங்கு நம் வேலையன்று. நிலத்தைக் கடல் கொள்ளும் என்னும் நினைவு நம் இலக்கியத்தின் அடித்தளத்திலேயே கிடக்கிறது என்பதே போதும். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வந்த புயலில், பயணிகள் ரயிலொன்றோடு தனுஷ்கோடியே போயிற்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டனர்.

அந்தக் காலையின் பௌதிகத்தைப் பாருங்கள். ஆழிப்பேரலையின் வேகம், புவியீர்ப்பு முடுக்கத்தையும் கடலின் ஆழத்தையும் பெருக்கிய தொகையின் வர்க்கமூலம். ஆழம் 4,000 மீட்டர் எனின் வேகம் நொடிக்குச் சுமார் 198 மீட்டர். மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் நடுக்கடலில் அதன் உயரம் ஒரு மீட்டர்கூட இராது. மேலே மிதக்கும் படகுக்காரர் அது தம்மைக் கடந்து போனதை உணரவும் மாட்டார். சுமத்திராவுக்கு அருகே நிலம் அசைந்து சுமார் இரண்டரை மணி நேரத்தில் அது சோழமண்டலக் கரையை அடைந்தது. கரை நெருங்க நெருங்க ஆழம் குறையும்; வேகம் குறையும்; உயரம் பெருகும். கண்ணுக்குத் தெரியாமல் வந்து, தெரியும்போது காலம் கடந்துவிடும். இதனினும் அண்டத்து அச்சம் வேறு உண்டா? அந்தக் கடலுக்கு நம்மேல் பகையில்லை. மறுநாளும் அதே கடல்தான் மீன் தந்தது. மீனவர் அதனைத் தாயென்றே அழைக்கின்றனர். ஹஸ்தரின் தாயைப் போலவே, தருபவளும் அவளே, விழுங்குபவளும் அவளே.

இப்பொருளை எடுத்தாளத் துணிபவருக்கு நான்கு நெறிகளை முன்வைக்கிறேன். ஒன்று: உருவம் தராதீர், விதி தருக. நீர் உள்வாங்கினால் என்ன பொருள், பறவை அடங்கினால் என்ன பொருள் என்னும் குறிகளைக் கற்பவனே பிழைப்பான் என்று ஆட்டத்தை அமையுங்கள். இரண்டு: பூதத்துக்கு உயிர்ப்புள்ளி வைக்காதீர். கடலைக் கொல்ல முடியாது. எத்தனை பேரைக் கரையேற்றினோம் என்பதே வெற்றியின் அளவாகட்டும். மூன்று: பருமையைக் காலத்தால் காட்டுங்கள், மெல்ல வருவதே பெரிது. நான்கு: அஞ்சத் தகாதவர்மேல் அச்சத்தை ஏற்றாதீர். எளியவரின் தெய்வத்தையும், அயலூரானின் மொழியையும், மாண்டவரின் துயரையும் வேடிக்கைப் பொருளாக்காதீர். அக்கரையில் உறவை இழந்த ஒருவர் நம் ஆட்டத்தை ஆடக்கூடும். அவர் முகத்தை நோக்கி நாணாமல் நிற்கும்படி அது அமைதல் வேண்டும்.

அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதை வள்ளுவர் அறிவின்பாற் சேர்த்தார். அஞ்ச வேண்டியது எது, வேண்டாதது எது என்று பகுத்துக் காட்டுவதே அச்சக் கலையின் பயன். பேய்க்கணவாயின் கைகளை இரவல் வாங்க வேண்டியதில்லை. ஆழம் நம்மிடமே இருக்கிறது. சங்கத்துத் தோழர்களிற் படம் வரைபவர், இசை அமைப்பவர், கணினிக்கு நிரல் எழுதுபவர் எவரேனும் முன்வந்தால், அலையின் கணக்கை எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். கதைக்குக் குறைவில்லை, விடுமுறைக்கு ஊர் செல்வோர் அவரவர் ஆச்சியிடமும் அப்பத்தாவிடமும் கேட்டு வரலாம்.